பன்னிரண்டு நிமிடக் கூத்து

அண்மையில் நண்பர் ஒருவர் மட்டக்களப்பிலிருந்து விழா அழைப்பிதழ் ஒன்றை அனுப்பிவைத்திருந்தார். மரபுக் கலைகளைக் கொண்டாடும் விழா. மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்பு நடனம், ஆசியுரை, தலைமையுரை, சிறப்பு அதிதிகள் மூவரின் உரைகள், பிரதம அதிதியின் உரை என்று வரிசையாகச் சென்ற நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் பக்கத்தில் 'வடமோடிக் கூத்து - 12 நிமிடங்கள்' என்று ஒரு வரி இருந்தது. பிரதம அதிதியின் பெயர் அவருடைய பட்டங்களுடனும் பதவிகளுடனும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரைத் தேடிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதைக் கண்டு பிறர்மீது சினங்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

1990களின் நடுப்பகுதியில், பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த புதிதில், இதே போன்றதொரு விழாவுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். மறுவாரம் என் செய்தி வெளிவந்தது. பிரதம அதிதி ஆற்றிய உரைக்கு இரண்டு பத்திகள். கூத்தாடியவர்களுக்குச் செய்தியின் கடைசி வரி: 'கண்கவர் கலைநிகழ்ச்சிகளும் இடம்பெற்றன.' சில நாட்களின் பின்னர் பேருந்து நிலையத்தில் வெள்ளைச் சால்வை போர்த்திய முதியவர் ஒருவர் என்னை அடையாளங்கண்டு அருகே வந்தார். அந்தக் கூத்தின் அண்ணாவியார் அவர்.

"மனே, பேப்பரு பாத்தன். எங்கட பேரு ஒண்டையும் காணல்லியே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. காணாமற்போன பொருளொன்றை விசாரிப்பவர் போலவே கேட்டார். இடப்பற்றாக்குறை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என் பேருந்து புறப்பட்டுவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இத்தனை ஆண்டுகளாக என்னுடனேயே பயணஞ் செய்துகொண்டிருக்கின்றது. மரபுக் கலைகளைக் கொண்டாடுவோம், உலகத்தாருடன் பகிர்ந்துகொள்வோம் என்று எல்லோரும் பேசுகின்ற காலம் இது. எதைக் கொண்டாடுகின்றோம், யாருடையதைப் பகிர்கின்றோம் என்பதைச் சற்று நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

*

மட்டக்களப்பை அறியாத வாசகருக்காகச் சில வரிகள். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி அந்த மண்ணை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலோரப் பக்கம் எழுவான்கரை; சூரியன் மறையும் மேற்குப் பக்கம் படுவான்கரை. நகரமும் கல்லூரிகளும் அலுவலகங்களும் எழுவான்கரையில். வயல்களும் குளங்களும் மாட்டுப் பட்டிகளும் படுவான்கரையில். வாவியைக் கடக்க உதவும் மிதவைப் படகுக்கு அங்கே 'பாதை' என்றே பெயர். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அந்தத் துறையில் பாதைதான் மக்களின் போக்குவரத்து.

மட்டக்களப்பு என்றதும் வெளியுலகத்தார் நினைவுகூர்வது பாடும் மீன்களை. எமேர்சன் ரெனன்ற் 19ஆம் நூற்றாண்டில் அந்த ஒலியைப் பற்றி எழுதினார். 1950களில் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அதனைப் பதிவுசெய்து வானொலியில் ஒலிக்கச் செய்தார். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் அமர்ந்து துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பதற்குப் பயணிகள் இன்றும் வருகின்றார்கள். அதே வாவியின் மேற்குக் கரையில் விடியவிடியப் பாடியாடிய மனிதர்களைத் தேடிச் செல்பவர்கள் குறைவு.

கூத்தை நான் முதலில் கண்டது 1978ஆம் ஆண்டுப் புயலுக்கு முந்திய காலத்தில். தாய்மாமன் என்னைத் தோளில் ஏற்றிப் பாதையில் வாவி கடந்து படுவான்கரைக்கு அழைத்துச் சென்றார். கன்னன்குடா, ஈச்சந்தீவு, மகிழவெட்டவான் என்று அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் எல்லாமே எனக்குக் கூத்தின் ஒலியோடுதான் நினைவிருக்கின்றன. நடுவே மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்த களரி. மேலே வெள்ளை கட்டியிருந்தார்கள். சுற்றிவரப் பாய் விரித்து ஊரே அமர்ந்திருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கூத்து ஒன்றுதான். முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் இல்லை. மத்தளமும் சல்லரியும் முழங்க, கரப்புடுப்பும் முடியும் தரித்த அரசர்கள் ஒருவர்பின் ஒருவராக வரவு ஆடினார்கள். நான் இடையில் உறங்கிவிட்டேன். விழித்தபோது யாரோ இறந்துகொண்டிருந்தார். கிழக்கு வெளுத்திருந்தது.

அந்த ஒரு விடியலுக்குப் பின்னால் எத்தனை மாத உழைப்பு இருந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பின்னர் ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்தை ஆடுவது என்று தீர்மானிப்பார்கள். அண்ணாவியாரை முறைப்படி வெற்றிலை வைத்து அழைப்பார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவாகி, அவரவர் பாடலையும் வசனத்தையும் கொடுப்பது 'சட்டம் கொடுத்தல்'. பிறகு இரவுகள்தோறும் பழக்கம். குறித்த கட்டம் வந்ததும் சதங்கை அணிதல். அதன் பின்னர் அடுக்குப் பார்த்தல். இறுதியில் அரங்கேற்றம். அதற்கு மறுநாளிலிருந்து வீடு வீடாகச் சென்று ஆடுதலும் உண்டு. ஒரு பருவம் முழுவதும் ஊரின் வாழ்க்கை கூத்தைச் சுற்றியே நடக்கும். பகை கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே களரியில் தருமனாகவும் வீமனாகவும் ஆட நேரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நூற்றுக்கணக்கான பாடல்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு பாரதத்தில் புலமை பெறுவார்.

இப்போது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வரவு ஆட்டத்தை முழுமையாக ஆடி முடிக்கவே அது போதாது. விழா மேடையில் நாம் காண்பது கூத்தின் உடுப்பையும் சில அடிகளையும் மட்டுமே. கற்பித்தலும், ஊர் கூடுதலும், இரவு முழுவதும் விழித்திருத்தலும் வாவியின் மறுகரையிலேயே நின்றுவிடுகின்றன.

*

கூத்தை மேடையேற்றியதே தவறு என்று சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்பவர் வரலாற்றை மறந்தவராவார்.

1956இல் எதிரிவீர சரச்சந்திர, குருன்னான்சே ஒருவரின் துணையோடு சிங்கள நாடகம மரபிலிருந்து 'மனமே'யை உருவாக்கினார். அந்த நாடகம மரபே தமிழ்க் கூத்திலிருந்து சென்றது என்பர் ஆய்வாளர். சிங்கள அரங்கில் புதுயுகம் பிறந்தபோது, நம் படித்தவர்கள் கூத்தைப் 'பட்டிக்காட்டு ஆட்டம்' என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்த மனப்பான்மையை உடைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். ஊர் ஊராகச் சென்று அண்ணாவிமாரைக் கண்டார். 1962இல் 'அலங்காரரூபன் நாடகம்' என்ற தென்மோடிக் கூத்தைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பின்னர் வந்த 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய பெரும் ஆய்வு நூலை 1998இல் வெளியிட்டார்.

அறுபது ஆண்டுகள் கழிந்தும் செல்லையா அண்ணாவியாரின் பெயரை என்னால் எழுத முடிகின்றது என்பதைக் கவனியுங்கள். வித்தியானந்தன் கூத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தபோது அண்ணாவியாரையும் உடன் அழைத்துவந்தார். நாங்கள் அண்ணாவியாரை ஊரில் விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் அழைத்து வருகின்றோம்.

ஆனாலும் பேராதனைக் கூத்துக்கு ஒரு விலை இருந்தது. விடியும் வரை நீண்டது ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையாயிற்று. கூத்தைச் 'செம்மைப்படுத்துதல்' என்ற சொல்லே, அது செம்மையற்றிருந்தது என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு வந்தது. இதை மறுத்து, கூத்து அது வாழும் ஊரில், அதை ஆடுவோரின் கலந்துரையாடல் வழியாகவே புதுப்பிக்கப்பட வேண்டும் என்று சி. ஜெயசங்கரும் அவரைச் சார்ந்தோரும் வாதிட்டனர். வாவிக் கரையிலுள்ள சீலாமுனையில் 2000களின் தொடக்கத்தில் அவர்கள் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் அந்த வகையானது. கூத்துக்குள் உறைந்திருக்கும் சாதிப் பார்வையையும் பெண்களைப் பற்றிய இழிமொழிகளையும் என்ன செய்வது என்று ஆடுகின்றவர்களே அமர்ந்து பேசினார்கள்.

இந்த இரு அணியினரில் யார் சரி என்று என்னைக் கேட்டால், இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கின்றோம் என்றே சொல்வேன். முன்னவர் கூத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தார். பின்னவர்கள் அந்த மதிப்பு கூத்தரையும் சென்றடைய வேண்டும் என்றார்கள். இன்றைய விழாக்காரர்கள் இருவரிடமிருந்தும் எதையும் கற்கவில்லை என்பதே என் வருத்தம்.

*

கூத்துக்காவது பேராசிரியர்கள் வாய்த்தார்கள். அதுவும் கிட்டாதவர்கள் இருக்கின்றார்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில் கதவு திறக்கும் நாட்களில் மட்டக்களப்பு முழுவதும் வழக்குரை ஒலிக்கும். குளிர்த்திப் பாடலோடு சடங்கு நிறைவுறும். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்பு முறிக்கும் வழக்கமும் இருந்தது. இவை அனைத்துக்கும் பறை வேண்டும். சாவீட்டுக்கும் பறை வேண்டும். ஆனால், பறைமேளக் கூத்தின் நுணுக்கமான தாளக்கட்டுகளை அறிந்த கலைஞர், அந்தக் கலையினாலேயே ஊரில் தாழ்ந்தவராக வைக்கப்பட்டிருந்தார். அவருடைய மகன் பறையைத் தொட மறுக்கின்றான் என்றால், 'கலை அழிகிறதே' என்று கலங்குவதற்கு முன்னர் அவனை அவமதித்தது யார் என்று நாம் கேட்க வேண்டும். கலையை உயர்த்திக் கலைஞரைத் தாழ்த்தும் கொண்டாட்டத்தை எந்தப் பிள்ளை சுமக்க விரும்புவான்?

மாவட்டத்தின் வடக்கே வாகரை, பனிச்சங்கேணி, களுவன்கேணி முதலிய இடங்களில் கரையோர வேடர்கள் வாழ்கின்றார்கள். கடலிலும் களப்பிலும் மீன்பிடித்தும் தேனெடுத்தும் வாழ்ந்துவந்த மக்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இவர்களைக் குறிப்பிடுகின்றார்கள். கப்பலேறி வந்த தெய்வங்களை இவர்கள் வழிபடுவதையும் பதிவுசெய்திருக்கின்றார்கள். இன்று இவர்கள் பேசுவது தமிழ். சடங்குப் பாடல்களில் பழைய வேடமொழிச் சொற்கள் எஞ்சியிருக்கின்றன. தமிழ் பேசுவதனால், வேடரைக் காண வருகின்ற வெளிநாட்டார் தம்பானைக்குச் செல்கின்றார்கள், இவர்களிடம் வருவதில்லை. வேடர் என்பதனால் நம் தமிழ் விழாக்களிலும் இவர்களுக்கு இடமில்லை. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையில் நடந்த போரில் இடம்பெயர்ந்தோர் வரிசையில் மட்டும் இடம் இருந்தது.

எப்போதாவது யாரேனும் இவர்களின் சடங்கைக் கைப்பேசியில் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுகின்றார்கள். 'நம் ஆதிக்குடிகளின் அரிய கலை' என்று தலைப்பு. சடங்கு தெய்வத்துக்கானது, பார்வையாளருக்கானது அன்று. அதைப் படமெடுக்கலாமா என்று அவர்களிடம் கேட்டார்களா என்பது அந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுவதில்லை. பகிர்தல் என்ற அழகான சொல் இந்த இடத்தில் பறித்தல் ஆகிவிடுகின்றது.

*

நம்மைப் போலவே காலனி ஆட்சியையும் உள்நாட்டுப் போரையும் புயல்களையும் கண்ட இன்னொரு தீவு நாடு, இதே சிக்கலை எவ்வாறு அணுகியது என்று பார்ப்பது பயன்தரும். பிலிப்பைன்ஸ் 1992இல் ஒரு சட்டம் இயற்றியது. மரபுக் கலையில் உச்சம் தொட்ட பழங்குடிக் கலைஞர்களைத் தேசத்தின் வாழும் செல்வங்களாக அறிவிக்கும் சட்டம். முதல் விருதுகள் 1993இல் மூவருக்கு வழங்கப்பட்டன. மூங்கிலில் கவிதை செதுக்கும் மங்யான் இனத்துக் கவிஞர் கினாவ் பிலோக் அவர்களில் ஒருவர். 1998இல் மின்டனாவோவின் செபு ஏரிக்கரையில் வாழ்ந்த திபோலி இன நெசவாளர் லாங் டுலாய் என்ற பெண்மணிக்கு அந்த விருது கிடைத்தது. வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த அபாக்கா நாரில், கனவில் கண்டதாகச் சொல்லப்படும் கோலங்களை நெய்யும் கலை அவருடையது.

விருது என்றால் சால்வை, சான்றிதழ், ஒரு புகைப்படம் என்று அங்கே முடிவதில்லை. மாதாந்தம் உதவித்தொகை உண்டு. கூடவே கலைஞருக்கு ஒரு கடமையும் உண்டு: அவர் தம் கலையை இளையோருக்குக் கற்பிக்க வேண்டும். லாங் டுலாய் தம் ஊரிலேயே பெண்களுக்கு நெசவு கற்பித்து 2015இல் மறைந்தார். நம் நாட்டில் கலாபூஷண விருது அறுபது வயதைக் கடந்த கலைஞருக்கு வழங்கப்படுகின்றது. நல்ல செயல்தான். எனினும் அது கடந்த காலத்துக்கான நன்றி. அண்ணாவியாரிடம் நான்கு பிள்ளைகள் கற்பதற்கான ஏற்பாடு அதில் இல்லை.

பிலிப்பைன்ஸ் 1997இல் இன்னொரு சட்டத்தின் மூலம் பழங்குடிகளின் நில உரிமையையும் பண்பாட்டு உரிமையையும் ஏற்றது. அவர்களுடைய முன்கூட்டிய சம்மதம் தேவை என்றது. சட்டம் இருந்தும் மீறல்கள் நடக்கின்றன. 2021இல், கலிங்கா இனத்தின் புகழ்பெற்ற பச்சைகுத்தும் முதுகலைஞர் வாங் ஓட் பெயரில் இணையப் பாடமொன்று கட்டணத்துக்கு விற்கப்பட்டது. உறவுப் பெண் ஒருவர் பகிரங்கமாக ஆட்சேபித்ததும் பாடம் நீக்கப்பட்டது. பழங்குடிகளுக்கான தேசிய ஆணைக்குழு விசாரணையில் இறங்கியது. அந்த மக்களுக்கு முறையிட ஓர் இடமாவது இருந்தது. வாகரையில் ஒரு சடங்கைப் படம்பிடித்து விற்றால், அந்த ஊரார் எங்கே சென்று முறையிடுவது?

*

குறை சொல்வது எளிது. எனவே செய்யக்கூடியவற்றையும் சொல்லிவிடுகின்றேன். பெரும் நிதி தேவைப்படாதவை இவை.

முதலாவது, பெயர். அழைப்பிதழில் அண்ணாவியாரின் பெயர் பிரதம அதிதியின் பெயருக்கு மேலே இடம்பெறட்டும். ஆடுவோர், மத்தளம் அடிப்போர், பக்கப்பாட்டுப் பாடுவோர் அனைவரின் பெயர்களும் வரட்டும். செய்தி எழுதும் என் இளைய தோழர்களே, உரைகளில் ஒரு பத்தியைக் குறைத்தால் இடம் தானாகக் கிடைக்கும்.

இரண்டாவது, பணம் செல்லும் திசை. புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ஊர்ச் சங்க விழாக்களுக்குப் பெருந்தொகை செலவிடுகின்றார்கள். ஒரு மண்டபத்தின் ஒருநாள் வாடகையைக் கொண்டு, படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு பருவக் கூத்துப் பழக்கத்தை நடத்திவிடலாம் என்று நினைக்கின்றேன். அண்ணாவியாருக்கு உரிய ஊதியம், உடுப்பு, இரவுத் தேநீர், களரி ஆகியவற்றுக்கான செலவு அது. மேடைக்கான சிறு துண்டைக் கேட்காமல், ஒரு முழு இரவுக்குப் பொருள் கொடுங்கள். வாய்ப்புள்ளவர்கள் அந்த இரவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இடையில் உறங்கினால் உறங்கட்டும். நானும் உறங்கியவன்தான்.

மூன்றாவது, சம்மதம். வேடர் சடங்கானாலும் பறைமேளமானாலும், படமெடுப்பதற்கும் பதிவேற்றுவதற்கும் முன்னர் உரியவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கருவியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வருமானம் வந்தால் பங்கு கொடுங்கள்.

நான்காவது, நிலமும் நீரும். காட்டுக்குள் செல்லத் தடையும் களப்பில் வலை வீச இடமின்மையும் இருக்கும்போது, வேடரின் பாடலை மட்டும் காப்பாற்ற இயலாது. கலிங்காவில் 1980இல் மக்லிங் டுலாக் என்ற தலைவர், தம் மக்களின் நிலத்தை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்ததற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். கலிங்காக் கலைகளை இன்று உலகம் வியக்கிறதென்றால், அந்த மண்ணில் அந்த மக்கள் எஞ்சியிருப்பதுதான் காரணம்.

'மாறும் உலகில் விடியவிடிய யார் கூத்துப் பார்ப்பார்கள்' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கின்றது; இளைஞர்கள் மத்திய கிழக்குக்குச் செல்கின்றார்கள். கூத்து மாறத்தான் வேண்டும். அது எப்போதும் மாறியே வந்திருக்கின்றது. தீவட்டி போய்ப் பெற்றோல்மக்ஸ் வந்தது; பெற்றோல்மக்ஸ் போய் மின்விளக்கு வந்தது; ஆண்கள் மட்டுமே ஆடிய களரியில் பெண்களும் ஆடுகின்றார்கள். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பதைக் கூத்தர்கள் தீர்மானிக்கட்டும். நேரக்கணக்கு வைத்திருக்கும் அறிவிப்பாளர் தீர்மானிக்க வேண்டாம்.

கடைசியாக, பேருந்து நிலையத்தில் என்னைக் கேட்ட அந்த முதியவர். பல ஆண்டுகள் கழித்து அவரைத் தேடிச் சென்றேன். அடையாளம் சொல்லி விசாரித்தேன். கூத்துப் பழக்கிய முதியவர் என்றால் எந்த ஊர், எந்தக் கூத்து, பெயர் என்ன என்று திருப்பிக் கேட்டார்கள். என்னிடம் விடை இல்லை. விழாவில் நான் அவருடைய பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. பேருந்து நிலையத்தில், பெயர் வரவில்லையே என்று அவரே வந்து கேட்டபோதும், உங்கள் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையிலும் அவருக்குப் பெயர் இல்லை.

அடுத்த முறை நீங்கள் ஒரு கூத்தைக் காண நேர்ந்தால், கைதட்டி முடித்ததும் உடுப்பு மாற்றும் இடத்துக்குச் சென்று அண்ணாவியாரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.